சகாயராணி வாங்கிய மைக்

வாட்ஸ்அப்பில் குரல் பதிவை அனுப்பியதும் சகாயராணி அதைத் தானே ஒருமுறை கேட்பாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அன்றைய பைபிள் வசனம், அதற்கு இரண்டு வரி விளக்கம், கடைசியில் எல்லோருக்கும் காலை வணக்கம். பிறகு குடும்பக் குழுவில் யார் யார் கைகூப்பியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். அரூரிலிருந்து சில்வியா கைகூப்பியிருந்தால், "இவளுக்கு வேற வேல இல்ல" என்பாள். கூப்பியிருக்காவிட்டால், "பாத்தும் பாக்காத மாதிரி இருக்கறா பாரு" என்பாள்.

சில்வியா அவளுடைய ஓரகத்தி. கணவன் பிலவேந்திரனின் தம்பி டேவிட்ராஜுக்கு வாழ்க்கைப்பட்டவள். அரூரில் ஆசிரியை, மாலையில் வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறாள். சகாயராணி அதியமான்கோட்டையில் ஜாக்கெட் தைக்கிறாள். பிலவேந்திரனுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை. சில்வியாவின் ஜாக்கெட்டுகளும் சகாயராணியிடம்தான் வரும். அதில் மட்டும் ஒரு தையல் கூடக் குறையாது. "அவ மேல எனக்கு ஆயிரம் இருக்கும். அதுக்காக அவ ஜாக்கெட்டு கை தூக்கறப்ப புடிச்சுதுன்னா, என் தையலத்தான சொல்லுவாங்க?" என்று கேட்பாள்.

அந்த ஆயிரத்தில் முதலாவது, சில்வியாவின் குரல். அக்டோபர் மாதம் முழுக்கச் சொந்தபந்தம் ஒன்றுகூடி ஜெபமாலை சொல்வது இவர்கள் குடும்பத்து வழக்கம். மாதக் கடைசியில், ஒருவர் மன்றாட்டுகளைச் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் மாதாவின் மன்றாட்டுமாலையோடு முடியும். எல்லோரும் ஊரில் இருந்த காலத்தில் அதைச் சொல்கிறவள் சகாயராணிதான். வேறொருவர் பெயரை யாரும் நினைத்தது கூட இல்லை. கொரோனா வந்தது. பெங்களூரில் இருக்கும் பெரிய மாமனார் சவுரியப்பன் ஜெபமாலையை ஆன்லைனுக்கு மாற்றினார். முதல் வருடமே சகாயராணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது என்று சொல்லி, மன்றாட்டுமாலையைச் சில்வியாவிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அது அரூரிலேயே தங்கிவிட்டது.

"குரலா அது? மைக்குங்க, மைக்கு! டியூஷனுக்குன்னு வாங்கி வெச்சிருக்கா. அது குடுக்கற சத்தத்துக்கு இவ பேரு வாங்கிக்கறா" என்று ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தாள். போன அக்டோபர் தொடங்கும்போது சவுரியப்பன், "இந்த வருசம் யாரு குரலு நல்லா கேக்குதோ அவங்களுக்கே மன்றாட்டுமாலயக் குடுத்தர்லாம்" என்று அறிவித்தார். சகாயராணிக்கு அதற்கப்புறம் இருப்புக் கொள்ளவில்லை.

சில்வியா திரையில் தெரியும்போது படம் பிடித்து, பெரிதாக்கி, அவள் முகத்தை ஒதுக்கிவிட்டு மைக்கை மட்டும் பார்த்தாள். யூடியூபில் மைக்குகளைப் பிரித்துக் காட்டும் வீடியோக்களை, காஜா எடுத்தபடியே வரிசையாகக் கேட்டாள். பிறகு தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கலைவாணன் கடைக்குப் போனாள்.

"எதுக்குங்கக்கா மைக்கு? ரெக்கார்டிங்குக்கா, மீட்டிங்குக்கா?" என்று கலைவாணன் கேட்டார்.

"ரெண்டுக்குந்தான். காலைல வசனம் பேசி அனுப்பணும். சாயந்தரம் செபம்."

"மீட்டிங்குக்கு ஹெட்செட்டே போதுங்க. வாய்கிட்டயே இருக்கும், வூட்டுச் சத்தம் வராது."

"அதத் தலையில மாட்டிக்கிட்டுச் செபம் சொன்னா மாதாவே சிரிச்சிருவாங்க." போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். "இது எங்க ஓரகத்தியோடது. இதவிட ஒசத்தியா, இதவிடப் பெருசா ஒண்ணு குடுங்க."

கலைவாணன் பொறுமைசாலி. நாலாபக்கமும் ஒலியை இழுக்கும் மைக் ஒன்றை எடுத்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டதும் திரும்ப வைத்துவிட்டார். "ஹைவே லாரியெல்லாம் உங்களோட சேந்து செபம் சொல்லும்ங்க" என்றார். கடைசியில், முன்னால் பேசுவதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் வரும் சத்தத்தைத் தள்ளிவிடும் மைக் ஒன்றைக் கொடுத்தார். பெரிய டம்ளர் உயரம், கறுப்பு நிறம். மாலை ஜெபத்துக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் நேராகச் செருகினால் போதும். நெற்றியில் கம்பெனியின் பெயர் வெள்ளியில் மின்னியது. சகாயராணிக்கு மனம் நிறைந்துவிட்டது.

அன்று மாலை மைக்கை மேசை மேல் வைத்தாள். கம்பெனி பெயர் லேப்டாப் கேமராவைப் பார்க்கும்படி வைத்தாள். சில்வியா படிக்க வேண்டாமா? கோயில் மைக்கில் பேசிய பழக்கத்தில், மைக்கின் உச்சந்தலைக்கு நேராக வாயைக் கொண்டுபோய் ஜெபித்தாள். லேப்டாப்புக்குப் பின்னால், கேமராவில் படாத நாற்காலியில், கடையிலிருந்து வந்த களைப்போடு பிலவேந்திரன் உட்கார்ந்து, வழக்கம்போலப் பாதி முணுமுணுப்பாய்ப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெபம் முடிந்ததும் சவுரியப்பன் நெகிழ்ந்துபோனார். "பிலவேந்திரா! உனுக்கு இப்பிடி ஒரு குரலா? இத்தன வருசமா எங்கடா வெச்சிருந்த?"

ஓசூரிலிருந்த சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். அரூரிலிருந்து சில்வியா, "மாமா குரல் அப்பிடியே மனசுல நிக்குதுங்க" என்றாள். சகாயராணி ஜெபித்தாளா இல்லையா என்பதே யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் பிலவேந்திரன் கடையை நேரத்தோடு சாத்திவிட்டு, சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தான். தொண்டைக்கு இதமாக வெந்நீர் கேட்டான். அவள் பானைத் தண்ணீரை மொண்டு, ணங்கென்று வைத்தாள். கட்டிய புருஷன் மேலேயே பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டதே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

மைக்கைத் தூக்கிக்கொண்டு கலைவாணனிடம் போய்ச் சண்டை பிடித்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மைக்கைத் திருப்பி வைத்தார். "இது தலையில பேசற மைக்கு இல்லீங்கக்கா. பேரு போட்டிருக்கற பக்கந்தான் இதுக்கு முன்பக்கம். அது உங்களப் பாக்கணும்."

"அப்ப பேரு யாருக்குத் தெரியும்?" என்றாள் சகாயராணி.

அரை மனதோடு பெயரைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். அன்று அவள் குரல் தெளிவாக, பிசிறில்லாமல் பெங்களூர் வரை போயிற்று. சவுரியப்பன் இரண்டு நாள் கேட்டுவிட்டு, "இந்த வருச மன்றாட்டுமாலை சகாயராணிக்கு" என்று சொன்னார். அன்று தைக்கக் கொடுத்தவர்களிடம் அவள் கூலி பேசக்கூட மறந்துவிட்டாள்.

மாதத்தின் கடைசி நாள், நவம்பர் இரண்டாம் தேதி வரும் கல்லறைத் திருநாளுக்காக டேவிட்ராஜும் சில்வியாவும் அரூரிலிருந்து வந்துவிட்டார்கள். சகாயராணி மீன் குழம்பு வைத்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்லி, சிரித்துப் பேசி, ஜெப நேரம் வந்ததும் சில்வியாவை லேப்டாப்புக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். பட்டுப்புடவையோடு திரைக்கு முன்னால் தான் உட்கார்ந்தாள். சொந்தபந்தம் மொத்தமும் சின்னச் சின்னக் கட்டங்களில் கைகூப்பி அவளையே பார்த்திருந்தது.

மன்றாட்டுமாலையைத் தொடங்கினாள். எதிரிலிருந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் வந்தது.

சில்வியாவின் பக்கத்தில் மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, ஒரு கருவியும் இல்லை. சத்தம் போடவுமில்லை, சும்மாதான் சொன்னாள். குரல் வீட்டை நிறைத்தது. வெளியே லாரி போகிற இரைச்சலிலும் ஒரு எழுத்து சிதையவில்லை. பிலவேந்திரன் பதில் சொல்வதை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். சகாயராணி இத்தனை வருடமும் மைக், மைக் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தாளே, அதில் ஒரு சொல் கூட உண்மையில்லை. இந்தக் குரலுக்கு எந்த மைக்கும் வேண்டியதில்லை.

அதற்குள் சவுரியப்பன் குறுக்கிட்டார். "ஏம்மா சகாயராணி, அங்க பதில் சொல்றது சில்வியாவா? தூரத்துல கேக்குதும்மா. மைக்க கொஞ்சம் நடுவுல நகத்தி வையி."

சில்வியா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஒயரு எட்டலிங்க மாமா" என்றாள் சகாயராணி.

லேப்டாப்பின் ஓரத்தில், மேசை முழுக்கப் போகிற அளவு ஒயர் சுருண்டு கிடந்தது. சில்வியா அதைப் பார்த்தாள். சகாயராணி அடுத்த மன்றாட்டைச் சொல்லிக்கொண்டே ஜெபப் புத்தகத்தை எடுத்து ஒயரின் மேல் வைத்தாள்.