பதினைந்து நிமிட நாற்காலிகள்

தென் கொரியாவில், தெற்கு ஜொல்லா மாகாணத்தின் ஹாசொன் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பாங் மியோங்ஜாதான் ஒரே நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாகக் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் ஊரே அவளிடம்தான் வரும். கொரோனா வந்ததும் அந்த வாசலை யாரும் மிதிக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் அவளுடைய சர்க்கரை நோயாளிகள் பதிவேட்டில் ஒரு புதுப் பெயர்கூட ஏறவில்லை. மாவட்ட அலுவலகத்து அதிகாரி ஒருவர் போன் செய்து பாராட்டினார்.

"புதுசா ஒரு சுகர் கேஸ்கூட இல்லையேம்மா. நல்ல முன்னேற்றம்."

"ஆள் உள்ள வந்தாத்தானே சார் கேஸ் தெரியும்?" என்றாள் மியோங்ஜா.

பிறகு தடுப்பூசி வந்தது. அதற்கு மட்டும் ஊரே திரண்டு வந்தது. ஊசி போட்டவர்கள் பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தே தீர வேண்டும். எழுந்து ஓட முடியாத முப்பது பேரை ஒரே இடத்தில் பார்த்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. சர்க்கரை பார்க்கும் கருவியோடு முதல் நாற்காலிக்குப் போனாள். அதில் இருந்தவர் வெங்காய விவசாயி பியோ தல்சூ.

"ஒரு ஊசின்னுதானே வரச் சொன்னே? இப்ப விரல்லயும் குத்துறியே?"

"உங்களுக்கு மட்டும் இனாம்ணே. நீட்டுங்க."

"நீட்டுய்யா," என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி ஓக்சன். "தண்ணிய குடம் குடமாக் குடிக்கிறாரு நர்சம்மா. கேட்டா வெயிலாம். மார்கழிக் குளிர்லயும் வெயிலு."

கருவி முன்னூற்றுப் பதினெட்டு காட்டியது. ஓக்சன் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓய்ந்து, தங்கள் விரல்களைத் தாங்களே நீட்டினார்கள். அன்று ஏழு பேருக்குச் சர்க்கரை கூடுதலாக இருந்தது. ஏழு பேரையும் மியோங்ஜா நகரத்து டாக்டரிடம் அனுப்பினாள். ஆறு பேருக்குச் சர்க்கரை நோய் என்று உறுதியானது. ஆறும் கண்ணையோ காலையோ தொடுவதற்கு முன்பே பிடிபட்டுவிட்டன. அந்தப் பெயர்களை எழுதிய சாயங்காலம் அவள் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

தல்சூ இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு மாத்திரையும் நடையும் பழகின. வசந்தம் வந்தபோது எட்டுக் கிலோ குறைந்திருந்தார். இப்போது தினமும் காலையில் ஓக்சனோடு வாய்க்கால் கரையில் நடக்கிறார். மியோங்ஜா சைக்கிளில் வருவது தெரிந்தால் போதும், வயலுக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுப்பார்.

"நர்சம்மா, நூத்திப் பன்னெண்டு."

"பொய் சொல்றாரு," என்று ஓக்சன் இன்னும் சத்தமாகச் சொல்வாள். "நூத்தி இருபது."