சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது ஈசெயின் ஊரில், என் கணவர் வீட்டில், எனக்கே நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

என் பெயர் மொரேனிகே. லாகோஸில் வளர்ந்தவள். அகாண்டேவுக்கு இரண்டாம் தாரமாக இங்கே வந்தேன். முதல் மனைவி அஷாபி அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டாள். செத்தவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். இருந்தது. வயிறு எரிந்தது.

காரணம் அவள் குரல். எங்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு புகழ்ப்பாட்டு உண்டு, ஓரிகி என்போம். காலையில் மண்டியிட்டு அதைப் பாடிக் கணவனை எழுப்புபவள்தான் மனைவி. எனக்குத் தெரிந்தது நாலே அடி. அஷாபி அரை மணி நேரம் பாடுவாளாம்.

"அஷாபி பாடினா என் தம்பி நெஞ்ச நிமித்திக்கிட்டு நடப்பான். நீ பாடினா கொட்டாவி விடுறான்," என்பாள் நாத்தனார் அபேனி.

சிரித்து மழுப்புவேன். உள்ளே வேகும். அவளைப் பற்றி நானாக எதையும் கேட்டதில்லை. கேட்டால் இன்னும் புகழ்வார்களே.

அந்த வருடம் அகாண்டேவுக்கு ஊர்ப் பட்டம் கொடுத்தார்கள். விழாவில் மனைவி பாட வேண்டும். பதினெட்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் விடியற்காலை 5:20. கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பாடினாள். எங்கள் குலத்து ஓரிகியேதான். அந்தப் பக்கம் போகும் சின்னக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். பங்காளி வீட்டு மருமகள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளும் 5:20. ஒரு அடி பாடி நிறுத்தினாள். நான் முணுமுணுத்தேன். தப்பு. மறுபடி பாடினாள். நான் சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்த அடிக்குப் போனாள்.

சில விஷயங்கள் உறுத்தின. அவள் மூச்சு வாங்குவதே இல்லை. காலடிச் சத்தம் இல்லை. பாத்திரச் சத்தம் இல்லை...

"நீங்க யாரு?" என்றேன் ஒரு நாள்.

பாட்டு நின்றது.

"அவரு இப்ப எந்தப் பக்கம் திரும்பிப் படுக்குறாரு?"

உள்ளே ஓடிவிட்டேன். ஆனாலும் மறுநாள் போனேன். பாட்டில் பாதிதான் வந்திருந்தது. எனக்கு அஷாபியை ஜெயிக்க வேண்டும்.

பதினேழாம் நாள் கடைசி அடி வந்தது.

"கதவு திறந்திருக்கு... தண்ணி குளுந்திருக்கு... பாய் விரிச்சிருக்கு... வழி உனக்குத் தெரியும்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "இத அவரு கண்ணப் பாத்துப் பாடு."

விழா. பகல் 12:40. மண்டியிட்டுப் பாடினேன். அகாண்டேவின் நெஞ்சு நிமிர்ந்தது. அபேனி அழுதாள். ஜெயித்துவிட்டேன் என்று பூரித்துப்போனேன்.

கடைசி அடியையும் பாடினேன். கண்ணைப் பார்த்து.

மேளம் நின்றது.

பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அகாண்டே சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல... என் தோளுக்குப் பின்னால்.

"வர்றேன்," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

விழா முடிந்து ஒன்பதாம் நாள், பிற்பகல் 3:05. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

அவரைப் புதைக்க அந்தச் சின்னக் கதவைத் திறந்தார்கள். முதல் தடவையாக உள்ளே போனேன். அங்கே வீடே இல்லை. சுவரை ஒட்டி ஒரு சிமெண்ட் கல்லறை. அதன்மேல் அஷாபியின் பெயர். பக்கத்தில் ஒரே ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அபேனி என் கையைப் பிடித்தாள்.

"அந்தக் கடைசி அடிய உனக்கு யாருடி சொல்லிக்குடுத்தா?"

சுவரைக் காட்டினேன்.

"அது புருசன் பொணம் வாசல் தாண்டும்போது பொண்டாட்டி பாடுறது. உசுரோட இருக்கவனுக்குப் பாடவே கூடாது." அவள் குரல் இறங்கியது. "சாகும்போது அஷாபி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'இன்னொருத்தி வருவா. வரட்டும். அவ வாயாலேயே அவர எங்கிட்ட கூப்பிட்டுக்கிறேன்'னு."