தீபாவளிக்கு மட்டும் உடையும் பல்

1926. தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள். காலை ஏழே முக்கால் மணி. ஈப்போவில் நான் வேலை பார்க்கும் பல் கட்டும் கடையின் வாசலில் பதினான்கு பேர். உள்ளே, கந்தகம் கலந்த ரப்பர் நீராவியில் வெந்துகொண்டிருந்தது... அழுகிய முட்டை நாற்றம். பொய்ப்பல் தட்டு அப்படித்தான் வேகும்.

நம் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் ஆளாளுக்கு அதிரசம், மத்தாப்பு என்று எழுதித் தள்ளுகிறீர்கள். படித்துப் படித்து எரிச்சல் வந்துவிட்டது. தீபாவளி என்றால் எனக்கு ஞாபகம் வருவது உடைந்த பல். அதை எழுதுகிறேன். பிடித்தால் படியுங்கள்.

பதினோரு மாதம் எட்டிப் பார்க்காத ஜனம் தீபாவளி வாரத்தில் படையெடுக்கும். தாடையைப் பிடித்துக்கொண்டு, "தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கிறேனாம், பொஞ்சாதி சொல்றா" என்பார் ஒருவர். கேட்டால், மச்சான் குடும்பத்தோடு வருகிறார், வீடு பூராவும் புதுத்துணி எடுக்கவேண்டும் என்று ஒரு பாட்டு. இனிப்பு வாயில் படுவதற்கு முன்பே வந்த வலி அது! ஆனால் பழி மட்டும் அதிரசத்தின் மேல்.

அன்றைய பதினான்காவது ஆள், காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கங்காணி. ஒரு துணி முடிச்சை என் மேசையில் போட்டார். அவிழ்த்தால், அவர் மனைவி மாரியாயி அக்காவின் மேல்வரிசைத் தட்டு... நட்டநடுவில் இரண்டு துண்டு.

"போன தீபாவளிக்கும் இதே கதி. உங்க வேலை சொத்தை லா, தம்பி!"

கடை முதலாளி, சீனத் தவுக்கே, அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி மலாயில் கத்தினார். "லாகி சத்து காலி பாத்தா, லூ பெர்கி!"

இன்னொரு தடவை உடைந்தால் எனக்கு வேலை இல்லை. அவ்வளவுதான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பினாங்கில் இரண்டு வருடம் இந்த வேலையைப் படித்தவன் நான். உடைந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. கனம் சரி, வெந்த பக்குவம் சரி. வேலை சொத்தை என்றால் சித்திரையிலும் உடையலாமே, ஆடியிலும் உடையலாமே? தீபாவளிக்கு மட்டும் ஏன் உடைகிறது?

புதிய ரப்பர் வைத்து, இன்னும் கனமாகக் கட்டினேன். மூன்றாம் நாள் நானே ரயிலேறித் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

கங்காணி வீட்டு அடுப்படியில் மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கங்காணி ஊரிலிருந்து கூட்டி வந்த ஆட்கள் ஆறு லயம், அதாவது ஆறு வரிசை வீடு. அத்தனை வீட்டுக்கும் அவர் வீட்டிலிருந்து பலகாரம் போகவேண்டும், அது வழக்கம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்குத் தனிப் பலகாரத் தட்டு. சுடுவது ஒரே ஆள்... அக்கா.

"இது உடைஞ்சா என் வேலை போயிரும்க்கா" என்று சொல்லிக்கொண்டே தட்டைப் பொருத்தினேன். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய சொந்தக் கீழ்ப்பற்கள் அரம் போட்டு ராவியது போலத் தட்டையாக இருந்தன. சோறு மென்று பல் அப்படித் தேயாது.

முன்வாசலில் உறவுக்காரர்களோடு உட்கார்ந்திருந்த கங்காணி அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அடியே! தொர வீட்டுத் தட்டு என்னாச்சு? எங்க அக்கா வீட்டுலேருந்து எட்டுப் பேரு வாராங்க, தெரியுமில்ல?"

"தெரியும்" என்றார் மாரியாயி அக்கா. காதுக்கு முன்னால் தாடைச் சதை மட்டும் எலுமிச்சங்காய் போலப் புடைத்தது. வாய்க்குள் பல்லோடு பல் டக்கென்று மோதும் சத்தம்; நல்லவேளை, தட்டு தாங்கியது.

கண்டுபிடித்துவிட்டேன்! என் வேலையில் கோளாறு இல்லை! நேராக முன்வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, பல்லு தானா உடையல. அக்கா கடிச்சு உடைக்கிறாங்க. பெருநாள் வந்தா நீங்க ஏத்துற பாரம் அது. கோளாறு தட்டுல இல்ல, உங்ககிட்ட."

கங்காணி தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டீங்களா? என்னைக் கடிக்க முடியாம பல்லைக் கடிக்கிறா லா!"

"உங்க தோலு தடிப்பு மச்சான், அதைக் கடிச்சா ரெண்டு செட்டு போயிரும்!" என்றார் ஒருவர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அக்கா நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கழற்றினார். கழுவி, முந்தானையில் துடைத்து, என் கையில் வைத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டது.

"கொண்டு போ தம்பி. வாயில இல்லாத பல்லு எப்படி உடையும்? ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது."

பிறகு புருஷனைப் பார்த்தார். "முறுக்கு வெந்துச்சான்னு கடிச்சுப் பாக்க எனக்குப் பல்லு இல்ல. நீங்களே வந்து சுடுங்க."

சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கங்காணி அடுப்பு முன்னால் குந்தியதை என் கண்ணால் பார்த்தேன். லயத்துப் பெண்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரயிலில் வரும்போதுதான் உறைத்தது. என் வேலை தப்பியது. எப்படித் தப்பியது? ஒரு பெண் பல் இல்லாமல் இருப்பதால்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. அப்போது ரப்பர் வெந்த பக்குவத்தைக் கடிகாரம் பார்த்து, மூக்கால் மோந்து கண்டுபிடிப்போம். இப்போது கொதிகலனில் சூடு காட்டும் முள் வைத்த மானி, தலைக்கு மேல் மின்விளக்கு. அந்த நாற்றத்தில் நின்று வேலை செய்ததில் ஒரு சுகம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தீபாவளி வாரக் கூட்டம் மாறவில்லை, தாடையைப் பிடித்துக்கொண்டு அதே பாட்டு. அக்கா இன்னும் கஞ்சிதான் குடிக்கிறார் என்று அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னார். தட்டு என் மேசை இழுப்பறையில், தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கிறது. வெட்கக்கேடு!

இனி நான் செய்யப்போவது:

1. இந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போவேன். முன்வாசலில் உட்காரமாட்டேன். நேராக அடுப்படிக்கு.

2. அக்காவிடம் மன்னிப்புக் கேட்பேன். அன்றைக்கு நான் அத்தனை பேர் முன்னால் சொன்னது என் வேலைக்காக. அவருக்காக அல்ல.

3. ஈறு சுருங்கியிருக்கும். புதிதாக அளவெடுப்பேன்.

4. தவுக்கே என்ன சொன்னாலும் சரி, எத்தனை தடவை உடைந்தாலும் கட்டித் தருகிறேன், நீங்கள் கடியுங்கள் அக்கா என்று சொல்வேன்.