பருப்பு அவியும் தண்ணீர்

வெறும் வாளிக்குள் மழையின் முதல் துளிகள் விழும் சத்தம் கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நோர்வேயின் பேர்கன் நகரில் மழை ஓய்வதில்லை. கூரைப் பீலித் தண்ணீரெல்லாம் தெரு வடிகானுக்குள் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் பல்கனியில் வாளி வைத்தேன். கீழ்வீட்டுக்காரி படியேறி வந்தாள்.

"கூரை ஒழுகுதா? ஆளைக் கூப்பிடவா?"

"இல்லை, மழை பெய்யுது."

"அது எனக்கும் தெரியுது" என்றாள், வாளியைப் பாராமல் என்னைப் பார்த்து.

அந்த வாரந்தான் தங்கை மலர் புங்குடுதீவிலிருந்து அழைத்திருந்தாள். நெடுங்காலம் வவுனியாவில் வாடகைக்கு இருந்தவள், அங்கே மடத்துவெளியிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். இறைப்பில்லாமல் கிடந்த கிணறு உவர்த்துப் போயிருந்தது. எங்கள் தீவில் தண்ணீரின் குணத்தைப் பருப்பிடந்தான் கேட்பார்கள். நாக்கு எதற்கும் பழகிவிடும், பருப்பு பழகாது. மலரின் பருப்போ எவ்வளவு எரித்தாலும் அவியவில்லை.

"இந்த மாரிக்கும் தண்ணி மாறாட்டி வவுனியாவுக்கே போயிடுவன் அண்ணை. தண்ணிப் பவுசருக்குக் காவலிருந்து சீவிக்க ஏலாது."

"இன்னும் ஆழமாத் தோண்டிப் பாரன்."

சிரித்தாள். "தோண்டினா கடல்தான் வரும். தீவில பிறந்தனீங்கள் எண்டதையும் மறந்திட்டியளோ?"

எங்கள் மண்ணுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின்மேல் பாலாடைபோல மிதக்கிறது. ஆழம் போனால் ஆடை கிழியும். மோட்டர் போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினாலும் கிழியும். பெய்கிற மழையைக் கடலுக்கு ஓடவிடாமல் காணிக்குள் மறித்தால்தான் அது தடிக்கும். மலர் மாரிக்கு முன்பே கிணற்றில் சேறு எடுப்பித்தாள், வளவைச் சுற்றி வரம்பு உயர்த்தினாள். பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். அவர்களையும் விடாமல் பேசிச் சம்மதிக்கவைத்து அங்கேயும் வரம்பு கட்டினாள். கார்த்திகை முழுக்க நான் பேர்கன் மழைக்குள் நனைந்துகொண்டு, "அங்க மழையோ?" என்று தொலைபேசியில் கேட்டபடி திரிந்தேன்.

தை மாதம் பால்மாப் பெட்டியும் காவிக்கொண்டு போனேன். கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரில் குசினியில் பருப்புக் கொதித்தது. மலர் அகப்பையால் ஒரு பருப்பை எடுத்து ஊதினாள்.

"கையை நீட்டுங்கோ."

உள்ளங்கையில் வைத்து விரலால் அழுத்தினாள். மஞ்சளாய் மசிந்தது. சூடு உறைத்தும் கையை இழுக்க மனம் வரவில்லை.

புறப்பட்ட காலையில் பஸ் மிதிபலகையில் ஒரு காலை வைத்தேன், மற்றது தீவின் புழுதியில் நின்றது. நான் போகிற ஊரில் அப்போதும் பெய்துகொண்டிருந்திருக்கும். வரம்பு கட்ட அங்கே எனக்கு ஒரு துண்டு நிலமில்லை. மலர் என் பையைத் தூக்கித் தந்தாள்.

"அடுத்தமுறை வரேக்க பால்மாப் பெட்டி காவிக்கொண்டு வராதேங்கோ அண்ணை. மாடு ஒண்டுக்குச் சொல்லி வச்சிருக்கிறன்."