அம்மாவின் தலையில் வைத்த கை

அப்பாவுக்கு அக்கி எழுதிய காலையில் அம்மா இருந்தாள், அப்பாவின் அக்காவான என் அத்தை இருந்தாள், மந்தைவெளியிலிருந்து வரவழைத்த பானை செய்யும் பெரியவர் இருந்தார். நான் இல்லை. பெருங்குடியில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் ஷிஃப்ட் முடித்து, பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்து, எங்கள் ஹவுசிங் போர்டு படியேறியபோது எழுதி முடித்து அவர் கிளம்பிவிட்டிருந்தார்.

அப்பா சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தார். வலது புருவத்திலிருந்து முடி வரைக்கும் காவிக் குழம்பு. அதில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு சிங்கம். நெற்றிக் கொப்புளங்கள் எல்லாம் சிங்கத்தின் உடம்புக்குள் அடங்கியிருந்தன. சிங்கத்தைக் கண்டால் அக்கி ஓடிவிடும். மூன்று காலை எழுத வேண்டும். அதுவரை தண்ணீர் படக்கூடாது, கவிச்சி கூடாது, இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது. மருந்து பட்டால் அக்கி உள்ளே இறங்கிவிடும் என்றார்களாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எனக்குத் தெரிந்தது வேறு. சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்புக்குள்ளேயே கிடந்து, உடம்பு சோர்ந்த நேரத்தில் மறுபடி எழுவதுதான் அக்கி. இடுப்பிலோ முதுகிலோ வந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்; காவி எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். காவிக்கு இவ்வளவு நல்ல பெயர் வந்தது அப்படித்தான். ஆனால் அப்பாவின் மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் இருந்தது. அங்கே போகிற நரம்பும் கண்ணுக்குப் போகிற நரம்பும் ஒன்று. கண்ணின் வெள்ளை ஏற்கெனவே சிவந்திருந்தது. அப்பா தி.நகரில் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தக் கண்ணை வைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது, என் படிப்பும் நடந்தது.

உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கொப்புளம் கிளம்பிய மூன்று நாளுக்குள் மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பலன் என்று சொன்னேன். அவர்கள் கேட்பதும் அதே மூன்று நாள்.

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "வந்துட்டாருப்பா டாக்டரு. மாத்திரய தண்ணில கரைச்சுப் பாக்கறதுக்கு சம்பளம் வாங்கறவன்லாம் டாக்டரு."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவளுடைய தம்பிக்கு இடுப்பில் அக்கி வந்தபோது யாரோ ஊசி போட அழைத்துப் போனார்கள். அதே மாதம் அவர் இறந்துபோனார். காமாலையால் இறந்தார், ஊசியால் இல்லை என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டாள். பிறகு எழுந்து போய் உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள்.

அன்று முழுக்க வீட்டில் பேச்சு அறுந்து அறுந்து நடந்தது. ஒருமுறை கோபத்தில், காவியில் இருப்பது மண்ணும் இரும்பும்தான் என்று கத்திவிட்டேன். அதற்கு அத்தை, விபூதியில் இருப்பது சாம்பல்தான், அதையும் நெற்றியிலிருந்து அழித்துவிடு என்றாள். பரீட்சைக்குப் போகும் காலையெல்லாம் அம்மா பூசி அனுப்பிய விபூதி.

மறுநாள் காலையில் பெரியவர் வந்து இரண்டாவது முறை எழுதிவிட்டுப் போனார். அவர் போனதும் அப்பா இடது கண்ணைக் கையால் மூடி எதிர்ச் சுவரைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. லேசா மங்கலா கீது, அவ்ளோதான்" என்றார்.

நான் சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டேன். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"மாத்திர போட்டா உங்கப்பா கண்ணுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"பெரும்பாலும் சரியாயிடும்மா."

"பெரும்பாலும்னா இன்னா அர்த்தம்? அந்தப் பெரியவரு பெரும்பாலும்னு சொல்லல. சரியாயிடும்னாரு."

நான் படித்த படிப்புக்கு அந்தச் சொல்லைத் தாண்டிப் போகத் தெரியாது. வாய்ப்பு அதிகம், வாய்ப்பு குறைவு, இவ்வளவுதான் அது பேசும். அப்பாவின் உயிருக்குப் பயந்து நிற்கிறவளுக்கு அது பாதி பதில்கூட இல்லை.

"என் தலைல கைய வச்சு சொல்லு. ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டு இட்டுகினு போ."

எங்கள் வீட்டில் தலையில் கை வைத்துச் சொன்னதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. சொன்னது பொய்த்தால் அந்தத் தலைக்கு உரியவரை அது கொண்டுபோய்விடும். நான் அதை நம்பவில்லை. ஆனாலும் கை எழும்பச் சற்று நேரம் பிடித்தது. அத்தை வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். வகிடு சூடாக இருந்தது, எண்ணெய் விரலில் ஒட்டியது. "ஒண்ணும் ஆவாது" என்றேன்.

அம்மா விலகி வழிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஈரப் பஞ்சால் காவியைத் துடைக்க வந்தபோது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் கையை மெதுவாகப் பிரித்தேன். சிங்கம் பஞ்சோடு சிவப்பாக வந்தது. டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்து, கருவிழிக்குள் வந்துவிட்டது என்றார். இன்றைக்கே மாத்திரை, சொட்டு மருந்து எல்லாம் தொடங்க வேண்டும். நேற்றே வந்திருந்தால் தடுத்திருக்கலாமா என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்ல வேண்டும், அதை அம்மா கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவரோ, உறுதியாகச் சொல்ல முடியாது, முதல் நாளே வந்தவர்களுக்கும் இப்படி ஆனதுண்டு என்றார்.

கொப்புளங்கள் காய்ந்தன. கண் பிழைத்தது. ஆனால் கருவிழியில் ஒரு தழும்பு தங்கிவிட்டது. பகலில் கண்ணாடி போட்டால் ஓட்டலாம். இருட்டினால் எதிர்வண்டி வெளிச்சம் சிதறிக் கண்ணை அடைத்துவிடும். ராத்திரி சவாரியை அப்பா விட்டுவிட்டார். எனக்கு இது பிழைத்த கண். அத்தைக்கு இது மூன்றாவது எழுத்து எழுதாததால் கெட்ட கண். அம்மா இரண்டையும் பேசவில்லை. ஒண்ணும் ஆவாது என்று சொன்ன வாக்கு பொய்த்துவிட்டது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அபிராமபுரத்தில் அவள் சமைக்கும் வீட்டில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது, சீட்டுப் பணம் யாரிடம் வாங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. பிரஷர் பார்த்தால் உண்மையிலேயே ஏறியிருந்தது. சத்தியத்துக்கு எந்தச் சக்தியும் கிடையாதும்மா என்று கெஞ்சினேன்.

"உனுக்கு இல்லாம இருக்கலாம்டா. நீ கைய வச்சது என் தலைல" என்றாள். குரலில் கோபமே இல்லை.

அவளை விலக வைக்க வேறு வழி இல்லாததால், அவளுடைய நம்பிக்கையையே பிடித்து இழுத்து அப்பாவை வெளியே கொண்டுபோயிருந்தேன். இப்போது அது அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிரஷருக்கு மாத்திரை எழுதித் தந்த டாக்டரும் என்னைப் பார்த்து, இவங்களுக்கு என்ன பயம் என்றுதான் கேட்டார்.

அத்தைதான் பரிகாரம் விசாரித்துக்கொண்டு வந்தாள். வாக்கு கொடுத்தவனே எங்கள் தெரு அம்மன் முன்னால் வந்து, முடி இறக்கி, தெரியாமல் சொன்னேன் என்று வாய்விட்டுச் சொல்லிச் சத்தியத்தைத் திருப்பி வாங்க வேண்டும். ஒரு வாரம் வரைக்கும் முடியாது என்றே மறுத்துவந்தேன். அந்த வாரத்தில் அம்மாவின் ஜாக்கெட் தோளில் நிற்காமல் சரியத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் மொட்டைத் தலையோடு அம்மன் முன்னால் நின்றேன். அம்மா பக்கத்தில் கண்ணை மூடியிருந்தாள்.

"தெரியாம சொன்னேன்" என்றேன். பூசாரி இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த விஷயத்தில் தொடக்கத்திலிருந்து நான் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான்.

அன்றைக்கு மத்தியானம் அம்மா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பிரஷர் மாத்திரையையும் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் அபிராமபுரத்துக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வருகிறேன் என்றாள். பிறகு அப்பா கேட்டார் என்று, விரலை மடித்துச் செலவைக் கூட்டினாள். ஆஸ்பத்திரி, மருந்து, கண்ணாடி, ஓட்டாத நாட்களுக்கும் கட்டிய வண்டி வாடகை, பெரியவருக்கு வைத்த தாம்பூலம், பூசைச் சாமான், முடி இறக்கிய கூலி. எது யாருடைய கட்சிச் செலவு என்று அவள் பிரிக்கவில்லை. மொத்தம் முப்பத்தோராயிரத்து அறுநூற்று இருபது ரூபாய்.