வாஷிங் மெஷினின் முப்பத்தொரு சத்தங்கள்

தான் பார்க்கும் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கியே அவளுக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது.

"ஆன்லைன்ல பாடம் எடுக்குறியாமே?" என்று அண்ணி கேட்பாள்.

"எடுக்கல அண்ணி. பாடத்த உருவாக்குறேன். எத முதல்ல சொல்லணும், எங்க படம் காட்டணும், எங்க நிறுத்திக் கேள்வி கேக்கணும், அதெல்லாம் முடிவு பண்றது என் வேலை."

"அப்போ எடுக்குறது யாரு?"

"யாரும் எடுக்க மாட்டாங்க. அதுவா ஓடும்."

அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல வேலைதான் போ" என்பாள். அது பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் அவள். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் மூன்று அறைகளில் நடந்துவந்த ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். கைத்தொழில் செய்பவர்களுக்கு ஆன்லைன் பாடங்கள் தயாரிப்பதுதான் அங்கே தொழில். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடினால் மேலே மேசையில் தேநீர் ஆடும். அங்கே அவளிடம் தரப்பட்ட முதல் பெரிய பொறுப்பு, வாஷிங் மெஷின் பழுதுபார்க்கக் கற்பவர்களுக்கான பாடம். அதுவரை வாஷிங் மெஷினில் அவள் பட்டனைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

ஆறு வாரம் கையேடுகளைக் கரைத்துக் குடித்து முப்பத்தெட்டுப் பக்கங்கள் செய்தாள். மோட்டார் நீல நிறத்தில் சுழன்றது. முதல் பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சொட்டு கண்ணடித்து வரவேற்றது. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் அவளுடைய வகுப்பறைக் குரலே, "அடுத்து என்ற பொத்தானை அழுத்தவும்" என்றது. கடைசியில் இருபது கேள்விகள். செய்து முடித்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கணக்கெடுத்தால், முழுதாக முடித்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஒருவர் அவளுடைய கணவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவருக்கு வாஷிங் மெஷினோடு என்ன உறவு?

"நீங்க எதுக்குங்க சேந்தீங்க?"

"ஆறு வாரம் கண்ணு முழி பிதுங்க உக்காந்து பண்ணியிருக்க. கூட்டம் சேரலன்னா உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருபதுக்குப் பதினாலு வாங்கியிருக்கீங்க!"

"பாடத்த நான் எங்க பாத்தேன்? நேரா கேள்விக்குப் போயிட்டேன். நாலு பதில்ல எது ரொம்ப நீளமா இருக்கோ அதுதான் சரின்னு போட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. பாடத்தையே பார்க்காத ஆள் பதினான்கு வாங்க முடிந்தால், தேர்விலும் கோளாறு இருக்கிறது. எந்தப் பக்கத்தில் யார் நின்றுபோனார்கள் என்று பார்த்தாள். முக்கால்வாசிப் பேர் ஆறாவது பக்கத்தில் நின்றிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து தெளிவாக இருந்தது. படம் அழகாக இருந்தது.

"மெக்கானிக்குங்க படிக்க மாட்டாங்க மேடம், விடுங்க" என்றார் நிறுவனத்து மேலாளர்.

அவளால் விட முடியவில்லை. பதினோரு வருடத்தில் படிக்கவே மாட்டாத பிள்ளை என்று ஒன்றை அவள் பார்த்ததில்லை. மறுநாள் காலை, பாடத்தில் சேர்ந்தவர்களில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கே போய் நின்றாள்.

பட்டறையின் தரை எப்போதும் ஈரம். கதவு கழற்றிய மெஷின்கள் சுவரோரமாக வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றன. சோப்பு வாசனையும் கருகிய ரப்பர் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. தலைமை மெக்கானிக்கை எல்லோரும் 'டிரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வயிற்றைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்தாள். மெஷினின் டிரம்மைத் தட்டிப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர் என்று பிறகு தெரிந்தது. இரண்டுமே பொருந்தத்தான் செய்தது.

அவள் வணக்கம் சொல்லி வாய் திறந்ததும் ஒருவன் நிமிர்ந்தான். "அண்ணே, இந்தக் குரல்... மேடம், நீங்கதானே அந்த 'அடுத்து'?"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. அந்த நிமிடத்திலிருந்து அவள் 'அடுத்து மேடம்' ஆனாள்.

"ஆறாவது பக்கத்துல ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள்.

டிரம் செய்தே காட்டினார். போனை ஒரு மெஷினின் மேல் சாய்த்து வைத்து, பாடத்தை ஓடவிட்டு, ஆறாவது பக்கம் சொன்னபடியே பின்மூடியைக் கழற்றினார். இரண்டு கையும் முழங்கை வரை கிரீஸ். அப்போது அவள் குரல் போனிலிருந்து, அடுத்து என்ற பொத்தானை அழுத்தச் சொன்னது. டிரம் குனிந்து மூக்கால் அழுத்தினார். பொத்தான் அசையவில்லை. மறுபடி மூக்கு. மூக்கு நுனியில் கிரீஸ். மூன்றாவது முறை அழுத்துவதற்குள் திரை அணைந்துபோனது.

"கை கழுவிட்டு வந்து திரும்பப் போட்டா, முதல் பக்கத்துலேருந்து ஆரம்பிக்குது மேடம். அந்தத் தண்ணிச் சொட்டு கண்ணடிக்குது பாருங்க, அத நான் ஏழு தடவ பாத்துட்டேன். என் சம்சாரம்கூட அத்தனை தடவ கண்ணடிச்சதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். ஆனால் உள்ளுக்குள் கூசியது. செய்யும் கைக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே ஆறு வாரம் உட்கார்ந்திருக்கிறோமே!

மேலாளரிடம் போய் இரண்டு வாரம் கேட்டாள். முகம் சுளித்துக்கொண்டே கொடுத்தார். பழைய சுடிதாரும் ரப்பர் செருப்புமாகத் தினமும் பட்டறைக்குப் போனாள். முதல் நாள் ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் விழித்தாள். மூன்றாம் நாள் தானே ஒரு மோட்டாரைக் கழற்றினாள். மாட்டிய பிறகு தரையில் இரண்டு திருகாணிகள் மிச்சம் இருந்தன. "பரவால்ல மேடம், நமக்கு லாபம்" என்றார் டிரம்.

நான்காம் நாள்தான் அது நடந்தது. மூலையில் ஒரு மெஷின் துணி பிழியத் தொடங்கியது. டிரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே, "பேரிங் போச்சு" என்றார்.

"பாக்காமலே எப்படிச் சொல்றீங்க?"

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? அதுவே சொல்லுதே."

அவள் காது கொடுத்துக் கேட்டாள். அவளுக்கு வெறும் இரைச்சல். மறுபடி கேட்டாள். தூரத்தில் விமானம் போவதுபோல அடியில் ஒரு உறுமல். அடுத்த மெஷினில் அது இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையேடுகள் எதிலும் இது ஒரு வரிகூட இல்லையே! மெக்கானிக் வேலையைத் தொடங்குவது காதால். அவள் பாடம் தொடங்கியது கண்ணடிக்கும் சொட்டால்.

மீதி நாட்களில் ரெக்கார்டரைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் மெஷினாக அலைந்தாள். முப்பத்தொரு சத்தங்கள் சேர்ந்தன.

புதிய பாடத்தில் பக்கமே இல்லை, பொத்தானும் இல்லை. முதலில் ஒரு சத்தம், இருபது நொடி. 'இது என்னவாக இருக்கும்?' என்று ஒரு கேள்வி. யோசிக்கக் கொஞ்சம் மௌனம். பிறகு காரணமும் சரிசெய்யும் முறையும், ஒன்றரை நிமிடத்தில். விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் கீழே, கற்பவர்கள் எழுதவும் தங்கள் மெஷின்களின் சத்தத்தைப் போடவும் ஓர் இடம் விட்டாள். அந்த இடத்தில் யாரும் எழுதுவார்கள் என்று அவளே பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

எழுதினார்கள். தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருக்கிறது என்று ஒருவர். என் மாமனார் குறட்டைதான் இது, சத்தியமாக, என்று இன்னொருவர். குறட்டைக்கு எந்த ஸ்பேனர் என்று அதற்குக் கீழே ஐந்து பேர். முடித்தவர்கள் எண்ணிக்கை நூறைத் தாண்டியபோது மேலாளருக்கே வாயெல்லாம் பல்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்து விழுந்தது. 'தனியாள்' என்ற பெயரில் சேர்ந்திருந்த ஒருவர் எழுதியிருந்தார்: "ஒன்பதாவது சத்தத்துக்கு நீங்க சொன்னபடியே பின்னால இருக்குற தண்ணி ஹோஸ் பைப்பைக் கழட்டினேன். குழாய மூடச் சொல்லவே இல்லையே? கஸ்டமர் வீட்டு ஹால்ல இப்ப மீன் வளர்க்கலாம்."

அவளுக்குப் பகீரென்றது. பாடத்தை ஓடவிட்டுப் பார்த்தாள். உண்மைதான். பட்டறை மெஷின்கள் எதுவும் குழாயோடு இணைந்திருக்காது. மூடுவதை அவள் ஒருநாளும் பார்த்ததே இல்லை, அதனால் எழுதவும் இல்லை.

உடனே தனியாளுக்குப் போன் போட்டாள். "சார், நான்தான் அந்தப் பாடத்த..." என்று ஆரம்பித்ததும் மறுமுனையில் ஒரு பெண் சிரித்தாள்.

"சார் இல்லங்க. நான் பொம்பளதான்."

அந்தப் பெண்ணின் ஊரில் இந்த வேலை பார்ப்பது அவள் ஒருத்திதானாம். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆளே இல்லை. அதனால்தான் தனியாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. தப்பு முழுக்க என்னுது. கஸ்டமர் ரொம்பத் திட்டிட்டாங்களா?"

"திட்டத்தான் செஞ்சாங்க. அப்புறம் ரெண்டு பேருமா வாளி வெச்சு அள்ளினோம். அள்ளி முடிக்கிறதுக்குள்ள சிநேகிதியாயிட்டோம். ஆனா நான் பொம்பளன்னு அங்க எழுதிடாதீங்க. தெரிஞ்சா, பதில் சொல்றதுக்கு முன்னாடி அறிவுரை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க."

பாடத்தைத் திருத்தினாள். திருத்தியதோடு விடாமல், எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே ஒரு குறிப்பும் போட்டாள்: ஒன்பதாவது பாடத்தில் நான் ஒரு படியை விட்டுவிட்டேன். ஒரு வீட்டு ஹாலில் தண்ணீர் புகுந்தது. முதலில் குழாயை மூடுங்கள். தவறு என்னுடையது.

மேலாளர் ஓடி வந்தார். "மேடம், சத்தமில்லாம திருத்திட்டுப் போகலாம்ல? நம்ம தப்ப நாமளே போஸ்டர் ஒட்டுறதா?"

"பழைய பாடத்தக் கேட்டவங்களுக்கு யார் சார் சொல்றது? அவங்க நாளைக்கு ஹோஸ் பைப்பைக் கழட்டுவாங்களே."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டில் கணவர்தான் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், இங்க வந்து பாரு!" என்று கத்தினார்.

குறிப்புக்குக் கீழே முதல் ஆளாக டிரம் எழுதியிருந்தார்: நான் இதுவரை மூன்று வீடுகளை நனைத்திருக்கிறேன். ஒன்று என் மாமியார் வீடு. அதற்குக் கீழே இன்னொருவர், மின்சாரத்தை அணைக்காமல் கைவைத்துத் தூக்கி எறியப்பட்டதை எழுதியிருந்தார். ஒருவர் பொருத்திய மெஷின் சமையலறையிலிருந்து வாசல் வரை நடந்தே போயிருந்தது. வண்டியில் வரும்போது ஆடாமலிருக்க மெஷினின் டிரம்மை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்ற மறந்துவிட்டாராம். அவளும் கணவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மறுநாளுக்குள் நாற்பத்தேழு கதைகள். ஒவ்வொன்றின் கடைசியிலும், இனி இதைச் செய்யாதீர்கள் என்று ஒரு வரி. எந்தக் கையேட்டிலும் கிடைக்காத பாடங்கள் அவை. எல்லாவற்றையும் கோத்து அவர்கள் பெயரிலேயே புதிய பகுதியாகச் சேர்த்தாள்.

அதற்குப் பிறகு கேள்வி கேட்க யாரும் கூச்சப்படவில்லை. யாராவது ஒரு சத்தத்தைப் போட்டால் கால் மணியில் பதில் வந்துவிடும். அதிலும் கச்சிதமான பதில் பெரும்பாலும் தனியாளுடையதாக இருக்கும். "யாருய்யா அந்த ஆளு? மண்டையா, மெஷினா?" என்று டிரம் வியந்துபோவார். அவள் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள்.

ஒரு வருடம் ஆனபோது, நேரில் சந்தித்தால் என்ன என்று அவர்களே கிளப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறையைக் கழுவித் துடைத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். அறுபது பேருக்குமேல் வந்தார்கள். "நீதானா அந்த மாமனார் குறட்டை!" என்று ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் பின்னிய முடியும் முதுகில் கருவிப் பையுமாக ஒரு பெண் வந்து உட்கார்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேலாளர் மனைவியோடு வந்திருந்தார். அண்ணியும் வந்திருந்தாள், யாரும் எடுக்காத பாடத்துக்கு இத்தனை பேரா என்று பார்க்க.

டிரம் நடுவில் ஒரு மெஷினை ஓடவிட்டார். "எனக்கே பிடிபடல. நேத்துதான் வந்துச்சு. சொல்லுங்க பாக்கலாம்."

அறுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். டிக், டிக், கிர்ர், டிக். பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். பெல்ட் என்றார்கள். பேரிங் என்றார்கள். பம்பில் நாணயம் என்றார் ஒருவர். அவளும் கையைத் தூக்கினாள். "பேரிங் இல்ல. பேரிங்னா உறுமும். இது ஏதோ உள்ள உரசுது."

"சரியாச் சொன்னீங்க" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. கருவிப் பையோடு வந்த அந்தப் பெண் எழுந்து முன்னால் வந்தாள். அடியிலிருந்த சின்ன மூடியைத் திறந்து, நீண்ட இடுக்கியை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவி, வளைந்த கம்பி ஒன்றை வெளியே இழுத்தாள். பெண்களின் உள்ளாடைக் கம்பி. அதை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள்.

ஆண்களில் பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். மீதிப் பேர் செருப்பைப் பார்த்தார்கள். அண்ணிதான் முதலில் கெக்கலித்துச் சிரித்தாள்.

"ஏம்மா, நீங்க யாரு?" என்றார் டிரம்.

"தனியாள்."

எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். பிறகு கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. டிரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க பதில வெச்சு ஒரு வருஷமா இங்க ஆளுங்கள மெரட்டிக்கிட்டு இருக்கேன் தாயே! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

டிரம் நேர்மையாக யோசித்தார். "சந்தேகந்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. கம்பி உள்ளே போகாமல் தடுப்பது எப்படி என்று தனியாளைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் குறிப்பெடுத்தார்கள். அறிவுரை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரமே மேலாளர் அவளுக்குப் புதிய வேலை கொடுத்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர்களுக்கான பாடம். எப்போது தொடங்கலாம் என்று கேட்டார்.

"முதல் ரெண்டு வாரம் நான் ஆபீஸுக்கே வர மாட்டேன் சார்" என்றாள். இந்த முறை அவர் முகம் சுளிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தலைக்கவசமும் இடுப்பில் கயிறுமாக, பதினாலு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்றாள்.  மேலே எங்கோ ஒரு கம்பிவடம் நீளமாக முனகியது. பக்கத்தில் நின்ற மெக்கானிக்கின் சட்டையை இழுத்து, "அண்ணே, இது என்ன சத்தம்?" என்று கேட்டாள்.