வடலூருக்கு இழுத்துச் சென்ற டீக்கடை

பகல் இரண்டரை மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து புறப்பட்டோம். என் பிக்கப் வண்டியின் கொக்கியில் ஒரு டீக்கடை மாட்டியிருந்தது. இரண்டு சக்கரம் வைத்த தகரக் கடை அது. கடைக்குச் சொந்தக்காரர் செல்வி. நாற்பது வயது இருக்கும். என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வடலூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வாடகை ஆயிரத்து ஐந்நூறு. காலியாக ஓடினால் என் வண்டி லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் கொடுக்கும்; பாரம் ஏற்றினால் பதினொன்று. பின்னால் கட்டி இழுத்தால் எட்டைத் தாண்டாது. முப்பது வேகத்தில் சீராகப் போனால்தான் அந்த எட்டாவது கிடைக்கும்.

"கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே" என்றார் செல்வி. அவர் கடை போட்டிருந்த இடத்தில் சாலை வேலை தொடங்கிவிட்டது. வடலூரில் ஒரு பாய் தன் மளிகைக்கடை ஓரத்தில் இடம் தருகிறாராம். நாலு மணிக்குள் அடுப்பு பற்ற வேண்டும். இல்லாவிட்டால் கரும்புச்சாறு மெஷின்காரருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்.

கொஞ்சம் வேகம் கூட்டினேன். உடனே பின்னால் கடை வாலை ஆட்டியது. பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி விட்டது. தகரக் கடைக்கு இவ்வளவு கனம் இருக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். எதிரில் வந்த லாரியின் காற்று அடித்ததும் கடை ரோட்டின் பாதிவரை போய்த் திரும்பியது. ஓரமாக நிறுத்திவிட்டேன்.

திறந்து பார்த்தால், கடையின் பின்கோடியில் இருநூறு லிட்டர் டிரம். வாய்வரை தண்ணீர்.

"இதைக் கொட்டிடலாம்மா. வால்ல கனம் இருந்தா வண்டி கவுந்துடும்."

"டவுன்ஷிப் தண்ணிண்ணே. பதினாறு வருஷமா இதுலதான் டீ போடுறேன். அந்த ஊரு தண்ணிக்குத் தூள் எவ்ளோ போடணும்னு எனக்குத் தெரியாது. மொத நாளே டீ சப்புனு இருந்தா, மறுநாள் எவன் வருவான்?"

அப்படியானால் கொட்டாமல் தண்ணீரை என் பிக்கப்புக்கு மாற்றிவிடலாம் என்றேன். ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்த மூன்று கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் செல்வியைப் பார்த்துவிட்டு நின்றார்கள்.

"என்னாக்கா, டேமையும் சேத்து இழுத்துகினு போறியா?"

"அங்க வள்ளலார் சபையில சோறே சும்மா போடுறாங்க. உன் டீயைக் காசு குடுத்து எவன் குடிப்பான்?" என்றார் இன்னொருவர்.

"சோறு தின்னவனுக்குத்தான்டா டீ கேக்கும். பேசிகினு நிக்காம குடத்தைப் புடி."

பிக்கப்பில் செல்வியின் அண்டாவும் பால் கேன்களும் குடங்களும் காலியாக இருந்தன. அவற்றை முன்பக்கம், கேபினை ஒட்டி வைத்தேன். ஐந்து பேரும் கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீரை அவற்றுக்கு ஏற்றினோம். மொத்தக் கனம் குறையவில்லை. டீசல் அதே அளவுதான் குடிக்கும். ஆனால் கடை இப்போது நேராக வந்தது.

வடலூரில் கரும்புச்சாறு மெஷின் ஏற்கெனவே வந்து நின்றது. பாய் கைபேசியில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நாலு ஆவலீங்க பாய்" என்று செல்வி இறங்குவதற்கு முன்பே சொன்னார்.

கட்டி இழுக்கும் கடையைப் பின்னால் தள்ளி ஓரத்தில் விடுவது கடினம்; ஒரு பக்கமாக மடங்கிக்கொள்ளும். கொக்கியைக் கழற்றிக் கையால் தள்ளினோம். சொல்லாமலேயே கரும்புச்சாறுக்காரரும் வந்து தோள் கொடுத்தார். அடுப்பு பற்றியது.

முதல் கிளாஸ் பாய்க்கு. ஒரு வாய் குடித்தார். செல்வி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குதும்மா. நாளைக்குக் கொறைச்சுப் போடு."

'நாளைக்கு' என்றதும் செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கரும்புச்சாறுக்காரருக்கும் எனக்கும் டீ ஆற்றினார்.

காலி வண்டியோடு பண்ருட்டி சாலையில் திரும்பினேன். எங்கள் திருவதிகையில் தினமும் ஒரே கடையில்தான் டீ குடிக்கிறேன். அந்தக் கடைக்காரர் எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிட வேண்டும்.